பார்சிலோனாவில் இரண்டு நாள்



ஸ்பெயின் தேசத்துக் கடற்கரைப் பட்டணமாகிய பார்சிலோனாவுக்கு நாங்கள் மூன்று பேர் ஒரு சனி, ஞாயிறு போய்வந்த விஷயத்தைச் சொல்லும்படி கேட்டிருக்கின்றீர்கள். பதினாறு லட்சத்துக்கு மேற்பட்ட ஜனங்கள் வாழுகின்ற ஊரை இரண்டு நாளில் பார்த்துவிட்டு மேடையேறிப் பேசுவதென்பது சற்று அதிகப்பிரசங்கித்தனம்தான். ஆனாலும் காசிக்கு ஒருநாள் போய்வந்தவர் பத்து வருஷத்துக்கு அதைப் பற்றியே பேச, நாமெல்லோரும் பொறுமையாகக் கேட்டுக் கொண்டிருக்கவில்லையா? அந்தப் பொறுமையில் ஒரு பங்கை எங்களுக்கும் கொடுங்கள்.

வெள்ளிக்கிழமை இரவு போய்ச் சேர்ந்தோம். தங்கிய விடுதியில், இரண்டு நாளில் பார்க்க வேண்டிய பத்து இடங்கள் என்று ஒரு தாள் கொடுத்தார்கள். பத்தில் ஐந்து கோயில்கள். இரண்டு, கோயில் கட்டியவர் கட்டிய வீடுகள். மற்றவை கடைவீதியும் கடற்கரையும். ஊரின் தென்புறத்தில் கடலை ஒட்டி மொன்ஜுயிக் என்று ஒரு மலையும் அதன் மேல் ஒரு பழைய கோட்டையும் இருக்கின்றன. அதைப் பற்றிக் கேட்டபோது விடுதிக்காரர், “அங்கே என்ன இருக்கின்றது, பீரங்கியும் காற்றும்தான்” என்று சொல்லிவிட்டார். எங்களில் ஒரு தோழர் இந்த ஊருக்கு வரவேண்டும் என்று வருஷக்கணக்காகச் சொல்லிக் கொண்டிருந்ததே அந்த மலைக்காகத்தான். காரணம் பின்னால் வருகின்றது.

சனிக்கிழமை காலை பழைய நகரத்துக்குள் நுழைந்தோம். வீதிகள் அவ்வளவு குறுகல். இரண்டு பக்கத்து மாடியிலிருந்தும் கையை நீட்டினால் தொட்டுக் கொள்ளலாம் போலிருந்தது. முதலில் கடல் மாதா கோயில் என்று சொல்லக்கூடிய சாந்தா மரியா தெல் மார். 1329-ல் தொடங்கி 1383-ல் முடித்தார்கள். கல் எல்லாம் மொன்ஜுயிக் மலையில் வெட்டியது. அதைத் துறைமுகத்துச் சுமை கூலிகள் தங்கள் முதுகிலே சுமந்து கொண்டுவந்தார்கள். அந்தக் கூலிகளின் உருவத்தை, கல்லும் முதுகுமாக, வாசற் கதவிலே வெண்கலத்தில் பதித்திருக்கின்றார்கள். கல் சுமந்தவனைக் கதவில் வைக்கின்ற அளவுக்காவது நன்றி இருந்ததே என்று எங்களுக்குச் சந்தோஷம்தான். கூடியிருந்த கூட்டத்துக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தவர், “புண்ணியத்துக்காகக் கூலி வாங்காமல் சுமந்தார்கள்” என்று பெருமையாகச் சொன்னார். கப்பல் வைத்திருந்த வர்த்தகர்கள் புண்ணியத்துக்காக ஒரு கல்லாவது சுமந்தார்களா என்று எங்கள் தோழர் கேட்டார். “அவர்கள் பணம் கொடுத்தார்கள்” என்று பதில் வந்தது.

பெரிய கோயிலாகிய கதீட்ரலில் 13 வாத்துகள் வளர்க்கின்றார்கள். உண்மையாகவே வெள்ளை வாத்துகள். உள் முற்றத்துக் குளத்தில் மேய்கின்றன. ரோமர்கள் காலத்தில் யூலாலியா என்ற 13 வயதுப் பெண்ணை 13 விதமாகச் சித்திரவதை செய்து கொன்றார்களாம். அதற்காக 13 வாத்து. ஆணி அடித்த பீப்பாயில் போட்டு உருட்டினார்கள் என்று ஒரு சரிவான வீதியையும் காட்டுகின்றார்கள். அதே ஸ்பெயினில் மெரிதா என்ற ஊரிலும் இதே பெயரில், இதே கதையோடு, ஒரு புனிதவதி உண்டு. இருவரும் ஒருவர்தான் என்பது பல ஆராய்ச்சிக்காரர்களின் அபிப்பிராயம். வாத்துகளுக்கு இந்தத் தகராறு ஒன்றும் தெரியாது; நன்றாகத் தின்று கொழுத்திருக்கின்றன.

அங்கிருந்து நாலெட்டில் சான் பெலிப் நேரி என்ற சிறு சதுக்கம். கோயில் சுவர் முழுதும் அம்மைத் தழும்பு போலக் குழி குழியாக இருக்கின்றது. 1938 ஜனவரி 30-ந் தேதி, உள்நாட்டு யுத்தத்தின்போது, பிராங்கோவுக்கு உதவியாக வந்த இத்தாலிய ஆகாய விமானங்கள் குண்டு போட்டன. கோயிலின் அடியில் ஒதுங்கியிருந்தவர்களில் 42 பேர் மாண்டார்கள், பெரும்பாலோர் குழந்தைகள். பின்னால் பிராங்கோவின் ஆட்சியில், இவை நாஸ்திகர்கள் பாதிரிகளை நிறுத்திச் சுட்ட அடையாளம் என்று கதை கட்டி விட்டார்கள். ஒரு தலைமுறை அதை நம்பவும் நம்பியது. பாதிரிகளைக் கொன்றவர்கள் அந்த யுத்தத்தில் இருந்தார்கள் என்பதும் உண்மைதான். அதை நாம் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் இந்தச் சுவரில் இருப்பது குழந்தைகளின் கணக்கு. அன்றைக்கும் அங்கே பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகள் பந்து விளையாடிக் கொண்டிருந்தார்கள். நாங்கள் அதிகம் பேசாமல் நகர்ந்தோம்.

பிற்பகல், உலகமெல்லாம் படம் போட்டுக் காட்டுகின்ற சக்ரதா பமீலியா, அதாவது திருக்குடும்பக் கோயில். இதுதான் எங்களுக்குள் சண்டை மூட்டியது. உள்ளே போக ஆளுக்கு 26 யூரோ. நம் ரூபாய்க் கணக்கில் இரண்டாயிரத்துக்கு மேல். எங்கள் மலைத் தோழர், “இது உண்டியலில் போடுவதல்லாமல் வேறென்ன?” என்று எதிரிலுள்ள பூங்காவில் உட்கார்ந்துவிட்டார். அவர் சொன்னதில் நியாயமில்லாமலில்லை. அந்தக் கோயிலே பிராயச்சித்தத்துக்காகக் கட்டுவது. ஜனங்கள் மதத்தை விட்டு விலகி நவீன எண்ணங்களில் விழுந்துவிட்டார்கள், அந்தப் பாவத்துக்குப் பரிகாரம் என்று பொக்காபெல்லா என்ற புத்தக வியாபாரி ஆரம்பித்து, 1882-ல் முதற்கல் நாட்டியது. நம்மைப் போன்றவர்களின் பாவத்துக்காக எழுப்பும் கட்டடத்துக்கு நாமே சீட்டு வாங்குவதா என்பது அவர் கேள்வி.

மற்ற இருவரும் சீட்டு வாங்கினோம். உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும்: உள்ளே போனதும் வாயடைத்து நின்றோம். தூண்கள் மரம் போலக் கிளை விட்டு மேலே போகின்றன. மேற்கு ஜன்னல் வழியே சிவப்பு வெயில் கல்லின் மேல் ஊற்றிக் கொண்டிருந்தது. கடவுள் இல்லாவிட்டாலும் கௌடி என்ற மனிதன் இருந்தார் என்பதில் சந்தேகமில்லை. 1883-ல் வேலையை ஏற்று, 43 வருஷம் இதிலேயே கழித்து, 1926-ல் டிராம் வண்டியில் அடிபட்டுச் செத்தார். சான் பெலிப் நேரி கோயிலுக்கு நடந்து போகிற வழியில் அது நடந்தது. கந்தல் துணியைப் பார்த்துப் பிச்சைக்காரன் என்று எண்ணி, வாடகைக் கார்க்காரர்கள் ஏற்றிப் போக மறுத்தார்கள். தரும ஆஸ்பத்திரியில் போட்ட பிறகுதான் இன்னாரென்று தெரிந்தது. பக்தி மிகுந்த ஊரில் பிச்சைக்காரனுக்குக் கிடைக்கும் மரியாதை இன்னதென்று கௌடியே கடைசியில் தெரிந்து கொண்டார்.

இவ்வளவு பெரிய கட்டடத்துக்கு நகராட்சியின் முறையான அனுமதி கிடைத்தது 2019-ல். சாதாரணக் குடியானவன் அனுமதியில்லாமல் ஒரு சுவர் எழுப்பிவிட்டு 137 வருஷம் சும்மா இருக்க முடியுமா என்று பாருங்கள். இப்பொழுது எதிர் வரிசையிலுள்ள வீடுகளை இடித்துக் கோயிலுக்குப் படிக்கட்டு போடவேண்டும் என்கின்ற பேச்சும், அங்கே குடியிருப்பவர்களின் எதிர்ப்பும் நடக்கின்றன.

கோயில் எல்லைக்குள் ஒரு ஓரமாக, அலை அலையான கூரையோடு ஒரு சின்னக் கட்டடம் இருக்கின்றது. கோயில் வேலைக்காரர்களின் பிள்ளைகளுக்கும் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கும் 1909-ல் கௌடி கட்டிய பள்ளிக்கூடம். மெல்லிய செங்கல்லில் குறைந்த செலவில் கட்டியது. வெளியே வந்து தோழரிடம் சொன்னோம். அவர் வருஷத்தை மட்டும் திரும்பக் கேட்டார். “1909-லா?” என்றார். பிறகு ஒன்றும் பேசவில்லை.

மாலையில் கால் வலிக்க நடந்தோம். புது நகரம் மிக ஒழுங்கானது. பழைய கோட்டை மதிலை 1854-ல் இடிக்கத் தொடங்கினார்கள். செர்தா என்ற என்ஜினீயர், தொழிலாளிகளின் வீடு, கூலி, சாப்பாடு, சாவு எல்லாவற்றையும் வீடு வீடாகக் கணக்கெடுத்து, காற்றும் வெளிச்சமும் எல்லோருக்கும் வேண்டும் என்று போட்ட திட்டம் 1859-ல் ஒப்புக்கொள்ளப்பட்டது. வீதிகள் 20 மீட்டர் அகலம். ஒவ்வொரு மூலையும் வெட்டி விட்டிருக்கின்றது. நடுவே தோட்டம் விடச் சொன்ன இடத்தையெல்லாம் மனைக்காரர்கள் கட்டி வாடகைக்கு விட்டுவிட்டார்கள். விடுதித் தாளில் செர்தாவின் பெயரே இல்லை.

இன்னொரு விஷயத்தையும் ஒளிக்கக் கூடாது. எங்களைப் போல வந்து போகிறவர்களால் அந்த ஊர்க்காரர்கள் பெரிதும் அவதிப்படுகின்றார்கள். குடியிருக்க வேண்டிய வீடுகளை நாள் வாடகைக்கு விட்டு, வாடகை ஏறிப் போய்விட்டது. 2024 ஜூலையில் ஊர்வலம் போனவர்கள் ஓட்டலில் உட்கார்ந்திருந்த யாத்திரிகர்கள் மேல் விளையாட்டுத் துப்பாக்கியால் தண்ணீர் அடித்தார்கள். அப்படி விடும் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட வீடுகளின் லைசென்சை 2028-க்குமேல் புதுப்பிப்பதில்லை என்று நகராட்சி அறிவித்திருக்கின்றது. எங்கள் மேல் யாரும் தண்ணீர் அடிக்கவில்லை. அடித்திருந்தால் கோபித்துக்கொள்ள எங்களுக்கு நியாயமில்லை.

ஞாயிறு காலை துறைமுகத்துக்குப் போனோம். கொலம்பஸ் சிலை உயர்ந்த தூணின்மேல் நின்று கடலைக் காட்டிக் கொண்டிருக்கின்றது. 1909 ஜூலையில் இந்தத் துறைமுகத்திலிருந்துதான் மொராக்கோ யுத்தத்துக்குச் சிப்பாய்களைக் கப்பலேற்றினார்கள். 1,500 பெசெட்டா கட்டினால் பட்டாளத்துக்குப் போக வேண்டியதில்லை. ஆகவே போனவனெல்லாம் ஏழை. பெண்டாட்டி பிள்ளைகளை விட்டுவிட்டுப் போனவர்கள் பலர். வழியனுப்ப வந்த சீமாட்டிகள் மாதா பதக்கங்களையும் சிகரெட்டுகளையும் கையில் திணித்தார்கள். சிப்பாய்கள் அவற்றைக் கடலில் வீசினார்கள். சில நாளில் ஊர் முழுதும் வேலைநிறுத்தம் ஆகி, கலகமாகி, சுமார் 80 கோயில்களும் மடங்களும் எரிந்தன. நூற்றுக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். எரிந்தவற்றில் ஏழைப் பிள்ளைகள் படித்த மடத்துப் பள்ளிக்கூடங்களும் உண்டு. இதைப் புகழ்வதற்கு நாங்கள் வரவில்லை.

ஆனால் கலகத்துக்குப் பழி யார் தலையில் விழுந்தது தெரியுமா? ஒரு பள்ளிக்கூடத்துக்காரர் தலையில். பிரான்சிஸ்கோ பெர்ரர் என்பவர் பாரிசில் ஸ்பானிய பாஷை சொல்லிக் கொடுத்துப் பிழைத்தவர். அவரிடம் படித்த ஒரு பணக்கார அம்மாள் விட்டுப்போன சொத்தைக் கொண்டு, 1901-ல் பார்சிலோனாவில் நவீனப் பள்ளி என்று ஒன்று ஆரம்பித்தார். ஆணும் பெண்ணும் ஒரே வகுப்பில்; பணக்காரன் பிள்ளையும் ஏழைப் பிள்ளையும் ஒரே பெஞ்சில்; சம்பளம் அவரவர் சக்திக்குத் தக்கபடி. பரீட்சையில்லை, பரிசில்லை, அடியில்லை, வேதபாடமும் இல்லை. இந்த நாலாவது ‘இல்லை’யை மன்னிக்க அங்கே ஆளில்லை. 1906-ல் அரசன் கல்யாண ஊர்வலத்தில் குண்டெறிந்தவன் அவருடைய புத்தகசாலையில் வேலை செய்தவன் என்று அவரைச் சிறையில் வைத்து, பள்ளியை மூடினார்கள். 1907-ல் குற்றமில்லை என்று விட்டார்கள், பள்ளி திறக்கவில்லை. பிறகு 1909 கலகத்துக்கு அவரே தலைவர் என்று இராணுவக் கோர்ட்டில் நிறுத்தினார்கள். தகுந்த ருஜு எதுவும் காட்டப்படவில்லை. அக்டோபர் 9-ந் தேதி விசாரணை. 13-ந் தேதி மொன்ஜுயிக் கோட்டையின் அகழியில் சுட்டுக் கொன்றார்கள். பாரிசிலும் மற்ற நகரங்களிலும் ஜனங்கள் வீதிக்கு வந்தார்கள். அந்த மாதமே ஸ்பெயினின் பிரதம மந்திரி பதவியை விட்டுப் போகவேண்டியதாயிற்று.

ஞாயிறு பிற்பகல் மலையேறினோம். மொன்ஜுயிக் என்றால் யூதர் மலை என்று அர்த்தம் சொல்லுகின்றார்கள். பழைய யூத இடுகாடு அங்கே இருந்தது. 1391-ல் ஊரிலிருந்த யூதர்களில் பலரைக் கொன்றபின், அவர்கள் கல்லறைக் கற்களையே பெயர்த்து அரண்மனைச் சுவர்களில் வைத்துக் கட்டினார்கள். வழியில், 1990-ல் வைத்த பெர்ரர் நினைவுச் சிலையைப் பார்த்தோம். பிரஸ்ஸெல்ஸ் நகரத்தில் 1911-ல் வைத்ததன் நகல். ஒரு மனிதன் தீவட்டியைத் தூக்கிப் பிடித்து நிற்கின்றான். பஸ்கள் அதைக் கடந்து போய்க்கொண்டே இருந்தன, ஒன்றும் நிற்கவில்லை.

கோட்டைக்கு ஞாயிறு 3 மணிக்கு மேல் கட்டணமில்லை. அகழி இப்போது புல்லும் செடியுமாக இருக்கின்றது. கட்டலோனியாவின் தலைவராயிருந்த கொம்பானீஸையும் 1940-ல் இந்தக் கோட்டையில்தான் பிராங்கோவின் ஆட்கள் சுட்டார்கள். மேலே ஏறி நின்றால் கடல் ஒரு பக்கம், ஊர் ஒரு பக்கம். சக்ரதா பமீலியாவின் கோபுரங்கள் தெளிவாகத் தெரிகின்றன. நடுக் கோபுரத்தின் உயரம் 172.5 மீட்டர் என்று திட்டம் போட்டது, இந்த மலையைவிடச் சற்றுக் குறைவாக இருக்க வேண்டும் என்றுதானாம். கடவுள் செய்த மலையை மனிதன் கட்டியது மிஞ்சக் கூடாது என்பது கௌடியின் எண்ணம்.

எங்கள் தோழர் அகழியின் ஓரத்தில் வெகுநேரம் நின்றார். பிறகு, “அந்தக் கோயில் பள்ளிக்கூடத்தை உள்ளே போய்ப் பார்க்கலாமா, விடுவார்களா?” என்று கேட்டார். பார்க்கலாம், ஆனால் 26 யூரோ சீட்டு வாங்க வேண்டும் என்றோம். கடிகாரத்தைப் பார்த்தார். மணி ஐந்தாகிவிட்டது, இரவு விமானத்துக்கு மூட்டையைக் கட்ட வேண்டியிருந்தது. “அடுத்த தடவை வாங்கிவிடுகின்றேன்” என்று சொல்லிவிட்டு இறங்கி வந்தார்.