ஆறு உண்டு, வள்ளம் இல்லை

(வானொலி இலக்கிய நிகழ்ச்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மேனாட்டார் எழுதிய ஆற்றுப் பயண நூல்களை நீங்கள் வாசித்திருப்பீர்கள். சொந்தப் படகொன்றில் கணவனும் மனைவியும் ஏறிக்கொள்கிறார்கள். ரைன் நதியிலோ டானியூப்பிலோ மாதக்கணக்காக மிதந்து செல்கிறார்கள். மாலையானதும் ஒரு படகுத்துறையில் கயிற்றைக் கட்டிவிட்டு, கரையேறி ஊர் பார்த்துத் திரும்புகிறார்கள். அப்படியொரு நூலைப் பதுளையில் என் வீட்டுத் திண்ணையில் இருந்து படித்து முடித்தபோது, எனக்குள் ஒரு கேள்வி எழுந்தது. நம் ஊவாவிலும் ஆறுகள் இருக்கின்றனவே, அவற்றில் யாராவது பயணம் போனார்களா?

பதுளு ஓயா நகரைச் சுற்றிக்கொண்டு போய், துன்ஹிந்தையில் 64 மீற்றர் உயரத்திலிருந்து விழுகிறது. வெலிமடைப் பக்கத்து நீரை உமா ஓயா வாரிக்கொண்டு போகிறது. லொக்கல் ஓயா மகியங்கனைப் பக்கமாக இறங்குகிறது. மூன்றும் சேருமிடம் மகாவலி. 335 கிலோமீற்றர் ஓடி, திருகோணமலைக்குத் தெற்கே கொட்டியாரக் குடாவில் கடலை அடையும் நதி அது. மலையில் இந்த ஆறுகளில் வள்ளம் விட முடியாது. கல்லும் அருவியும் விடா. ஆனால் மகியங்கனையில் மகாவலி சமவெளிக்கு வந்துவிடுகிறது. அங்கே கதை வேறு.

1602 இல் ஒல்லாந்தத் தளபதி ஸ்பில்பேர்கன் மட்டக்களப்பில் இறங்கி, கண்டி மன்னன் விமலதர்மசூரியனைக் காண விந்தனை வழியாகப் போனார். அந்த விந்தனைதான் இன்றைய மகியங்கனை. மன்னனுடைய படகுகள் கட்டப்படும் ஊர் என்று அந்தப் பயணக் குறிப்பு அதைச் சொல்கிறது. 1833 இல் புரூக் என்ற ஆங்கிலேயர் மகாவலியின் போக்கை ஆராய்ந்து எழுதிய கட்டுரை, லண்டன் அரச புவியியற் சங்கத்தின் சஞ்சிகையில் வெளிவந்தது. மகியங்கனைக்கு எதிர்க்கரையிலுள்ள ஊரின் பெயர் வேரகன்தொட்ட. சிங்களத்தில் 'தொட்ட' என்றால் துறை. பாலம் வந்து துறை போனபின்பும் பெயர் போகவில்லை.

பிறகு தெருக்கள் வந்தன. 1924 இல் புகையிரதம் பதுளைக்கு வந்து, அதற்கு மேல் போக இடமின்றி நின்றுகொண்டது. ஆற்றை நம்பவேண்டிய தேவை தீர்ந்தது. 1986 இல் ரந்தெனிகல, 1990 இல் ரந்தம்பே என்று அணைகள் எழுந்தபின், மகாவலி படிப்படியான நீர்த்தேக்கங்களாகிவிட்டது. இன்று படகில் ஏறிப் பார்க்க ஆசைப்படுவோர் மகியங்கனைக்கு அருகே சொரபொர வாவிக்குப் போகலாம். அல்லது ஊவா மலைகளில் பிறந்து கிழக்கே ஓடும் கல் ஓயாவின் பெருந்தேக்கமான சேனநாயக்க சமுத்திரத்துக்குப் போகலாம். தீவுக்குத் தீவு யானைகள் நீந்திப் போவதை அங்கே படகிலிருந்து காணலாம்.

படகுத்துறை என்பது நமக்குப் புதிதன்று. பட்டினப்பாலையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் ஒரு காட்சி காட்டுகிறார். உப்பை விற்று நெல்லோடு திரும்பிய படகுகள், லாயத்துக் குதிரைகளைப் போலத் தறிகளில் கட்டுண்டு நிற்கின்றன. இன்றைய மேனாட்டுப் படகுத்துறைப் படமொன்றைப் பாருங்கள். அந்த உவமை அப்படியே பொருந்தும். ஆனால் என் மனம் போய் நிற்பது சிலப்பதிகாரத்தில். வையைத் துறையில் குதிரை முகமும் யானை முகமும் சிங்க முகமும் வைத்த அழகிய ஓடங்கள் நிற்கின்றன. கோவலனும் கண்ணகியும் அவற்றில் ஏறவில்லை. மரப்புணை ஒன்றில் ஆற்றைக் கடக்கிறார்கள். செல்வம் தொலைத்து, பிழைப்புத் தேடி வந்தவர்கள் அவர்கள். நீரின்மேல் உல்லாசமாகப் போவோரும் உண்டு; கடந்தே ஆகவேண்டும் என்று போவோரும் உண்டு. இளங்கோவடிகள் இருவரையும் ஒரே துறையில் நிறுத்திவிட்டார்.

தோட்டத்து மக்களாகிய நாங்கள் எந்த வரிசை என்று சொல்லத் தேவையில்லை. என் அப்பாயி தன் வாழ்நாளில் ஒரே ஒரு தடவைதான் நீரின்மேல் போனவர். மண்டபம் முகாமில் இருந்துவிட்டு, தனுஷ்கோடியில் கப்பலேறித் தலைமன்னாரில் இறங்கிய சிறுமி அவர். அவருடைய தங்கை இரண்டு தடவை போனார். 1964 ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின் பெயரால் திரும்பிப் போனது இரண்டாவது தடவை. 'ஒப்பாரிக் கோச்சி' என்று எங்கள் சனம் பேர் வைத்த புகையிரதத்தில் பதுளையில் ஏறியவர், தலைமன்னாரில் கப்பலேறி இராமேஸ்வரத்தில் இறங்கினார். அப்பாயி அதன்பின் அவரைக் காணவேயில்லை.

நான் சிறுவனாக இருந்தபோது, பதுளு ஓயாவில் துணி துவைத்துக்கொண்டே அப்பாயி ஒருநாள் கேட்டார்: "இந்தத் தண்ணி எங்கடா போவுது?"

படித்த பிள்ளை என்ற பெருமையில், "மகாவலிக்குப் போய், திருகோணமலைக் கடலுக்குப் போவுது அப்பாயி" என்றேன்.

"அந்தக் கடலும் எங்க ஊருக் கடலும் ஒண்ணுதானே?" என்றார்.

"ஒண்ணுதான்" என்றேன். அவர் பிழிந்த சேலையை உதறிக் கல்லில் விரித்துவிட்டு, அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. தங்கையை நினைத்துத்தான் கேட்டார் என்பது எனக்கு விளங்கப் பல வருடங்கள் சென்றன.

நேயர்களே, நாங்கள் போகாத அந்த வழியில் எங்கள் மண் போய்க்கொண்டிருக்கிறது. கோப்பிக்காகவும் தேயிலைக்காகவும் காடழித்து, புல் பூண்டில்லாமல் சுரண்டிய மலைகளின் மேல்மண், ஒவ்வொரு மழைக்கும் ஆற்றோடு இறங்குகிறது. மரக்கறித் தோட்டங்களின் மண்ணும் கூடவே போகிறது. உமா ஓயா கொண்டுவந்து கொட்டும் வண்டலால் ரந்தம்பே நீர்த்தேக்கம் தூர்ந்து வருகிறது. என் தாத்தாவுக்குத் தோட்டத்தில் கான் வெட்டும் வேலை. மலைச்சரிவுக்குக் குறுக்கே வெட்டிய கானில் மழைநீர் தங்கி, மண்ணை அங்கேயே இறக்கிவிட்டுப் போகும். நிறைந்த கானை வாரி, அந்த மண்ணை மறுபடியும் தேயிலைத் தூரில் போடுவார். கூலிக்குச் செய்த வேலைதான். ஆனால் ஆற்றின் அடிவாரத்தில் இருக்கும் விவசாயிக்கும் சேர்த்தே அவர் வெட்டினார் என்று இப்போது தோன்றுகிறது. கான் வாரப்படாமல் மூடிக்கிடக்கும் மலைகளை இன்று பார்க்கும்போது எனக்கு மனம் பதறுகிறது.

2024 இல் உமா ஓயாத் திட்டம் திறக்கப்பட்டபின், அந்த ஆற்றின் நீரில் ஒரு பகுதி மலையைக் குடைந்த சுரங்கத்தினூடே தெற்கே கிரிந்தி ஓயாப் பக்கம் போகிறது. அப்பாயி இன்றிருந்து அதே கேள்வியைக் கேட்டால், விடை சொல்ல எனக்குக் கொஞ்சம் நேரம் எடுக்கும்.

ஆற்றில் படகு விட்டுப் பயணம் போகும் பாக்கியம் நமக்கு வாய்க்காமல் போகட்டும். நம் வீட்டு வாசலில் ஓடும் ஆறு எங்கே பிறந்து, எதைச் சுமந்துகொண்டு, யாருடைய வயலுக்குப் போகிறது என்பதையாவது பிள்ளைகளுக்குச் சொல்லி வைப்போம். ஒரு விடுமுறை நாளில் அவர்களை மகியங்கனைக்கு அழைத்துப் போங்கள். பாலத்தில் நின்று கீழே பார்த்து, "இதில் நம் மலைத் தண்ணீரும் இருக்கிறது" என்று சொல்லுங்கள். நான் என் பேரப்பிள்ளைகளுக்குச் சொன்னேன்.