பகடிவதை: பிள்ளை முதலில் யாரிடம் சொல்வான்?



ஒரு மாணவனை மனத்தில் கொள்வோம். ஆறு ஆண்டுகள் தமிழ்ப்பள்ளியில் படித்தவன். அங்கே ஆசிரியர்களுக்கு அவனைத் தெரியும்; அவன் அக்காளையும் தெரியும். இப்போது படிவம் ஒன்று. பெரிய இடைநிலைப்பள்ளி, புதிய முகங்கள். மலாய் மொழியில் பேச இன்னும் தயக்கம். மூன்றாவது வாரம், சிற்றுண்டிச்சாலை வரிசையில் மூத்த மாணவர்கள் இருவர் அவனிடம் இரண்டு ரிங்கிட் கேட்கிறார்கள். கொடுத்து விடுகிறான். மறுநாளும் கேட்கிறார்கள். அடுத்த வாரம் கழிப்பறையில் வழிமறிக்கிறார்கள்.

வீடு திரும்பியதும் அவன் புத்தகப்பையை எறிந்துவிட்டு முதலில் கழிப்பறைக்கு ஓடுகிறான். பிறகு நேராகச் சோற்றுச் சட்டியைத் திறக்கிறான். "பள்ளியில் சாப்பிடவில்லையா?" என்று அம்மா கேட்கிறார். "சாப்பிட்டேன்மா" என்கிறான். அம்மாவும் அடுத்த வேலைக்குப் போய்விடுகிறார்.

அந்தச் சமையலறையில் இரண்டு அறிகுறிகள் கண்முன்னே தெரிந்தன. ஆனால், அவற்றைப் படிக்க யாரும் அந்தத் தாய்க்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

எது பகடிவதை?

பிள்ளைகளுக்குள் சண்டை வருவது இயல்பு. காலையில் அடித்துக் கொள்வார்கள், மாலையில் ஒன்றாகப் பந்து விளையாடுவார்கள். பகடிவதை வேறு. நார்வே நாட்டில் 1982-ஆம் ஆண்டின் இறுதியில் சிறுவர்கள் மூவர் தங்கள் உயிரை மாய்த்துக் கொண்டனர். அதன் பின்னர், 1983-இல் அந்நாட்டு அரசு பகடிவதைக்கு எதிராக நாடு தழுவிய இயக்கத்தைத் தொடங்கியது. அதில் பெரும்பங்கு வகித்த டான் ஒல்வேயுஸ் என்ற உளவியல் அறிஞர் மூன்று அடையாளங்களைக் கூறினார். வேண்டுமென்றே செய்வது, திரும்பத் திரும்பச் செய்வது, எதிர்த்து நிற்க முடியாத ஒருவனிடம் செய்வது.

அந்த மூன்றாவது அடையாளம்தான் முக்கியம். பலம் என்பது உடல் வலிமை மட்டும் அன்று. வயது, கூட்டம், மொழித்திறன், பணம் எல்லாமே பலம்தான். நிறத்தைச் சொல்லிப் பட்டப்பெயர் வைப்பது, வகுப்பே ஒன்று சேர்ந்து ஒரு மாணவியிடம் பேசாமல் இருப்பது, கைப்பேசிக் குழுவில் ஒருவனின் படத்தைப் போட்டுச் சிரிப்பது ஆகிய அனைத்தும் இதில் அடங்கும். கைப்பேசி வழி நடக்கும் வதைக்குப் பள்ளி மணி அடித்தாலும் ஓய்வு கிடையாது. அது படுக்கையறை வரை வருகிறது.

"விளையாட்டுக்குத்தான் செய்தோம்" என்று மாணவர்கள் சொல்வார்கள். அதைச் சோதிக்க எளிய வழி உண்டு. இருவரும் சிரிக்கிறார்களா? கேலி செய்பவனும் கேலிக்கு ஆளாகிறவனும் மாறி மாறி வருகிறார்களா? எப்போதும் ஒரே பிள்ளைதான் அகப்படுகிறான் என்றால் அது விளையாட்டே இல்லை.

வீட்டில் தெரியும் அறிகுறிகள்

பணம் கொடுத்து அனுப்பியும் பசியோடு திரும்புவது. பள்ளிக் கழிப்பறையைத் தவிர்த்து வீடு வரும் வரை அடக்கிக் கொள்வது. ஞாயிறு மாலையில் தொடங்கும் வயிற்றுவலி. கிழிந்த சீருடை, அடிக்கடி தொலையும் எழுதுகோல் பெட்டி. பள்ளிப் பேருந்து வேண்டாம் என்ற பிடிவாதம். காரணம் சொல்லாமல் கூடுதல் பணம் கேட்பது. சில வேளைகளில் அம்மாவின் பணப்பையிலிருந்தே எடுப்பது. கைப்பேசியில் செய்தி வந்ததும் முகம் மாறுவது.

இவற்றில் ஒன்றை மட்டும் கண்டு முடிவு கட்டிவிடக் கூடாது. இரண்டு மூன்று சேர்ந்து வந்து, சில வாரங்கள் நீடித்தால், கேட்க வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று பொருள். "யார் உன்னை அடித்தது?" என்று தொடங்கினால் பிள்ளை வாயை மூடிக்கொள்வான். "ஓய்வு நேரத்தில் யாரோடு உட்காருவாய்? பள்ளியில் உனக்குப் பிடிக்காத இடம் எது?" என்று கேட்டால் பதில் வரும்.

ஏன் சொல்வதில்லை?

சொன்னால் என்ன நடக்கும் என்பதைப் பிள்ளைகள் நன்றாகவே கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள். அப்பா, "நீயும் திருப்பி அடி, பொம்பளை மாதிரி அழாதே" என்பார். அம்மா பதற்றத்தோடு பள்ளி வாசலில் போய்ச் சத்தம் போடுவார். ஆசிரியர் இருவரையும் ஒன்றாக நிறுத்திக் கைகுலுக்கச் சொல்வார். வெளியே வந்ததும் அடி இரட்டிப்பாக விழும். அதைவிடப் பேசாமல் இருப்பதே மேல் என்று அவன் முடிவு செய்கிறான்.

ஆனால், அவன் யாரிடமும் சொல்லாமலே இருந்துவிடுவான் என்று நினைக்கக் கூடாது. தாமான் முச்சந்தியில் மோட்டார் சைக்கிளோடு நிற்கும் ஓர் "அண்ணன்" அவன் முகத்தைப் படித்துவிடலாம். "இனி உன்னை எவனும் தொட மாட்டான், நான் பார்த்துக் கொள்கிறேன்" என்பார். அந்த வாக்குறுதி காப்பாற்றப்படவும் கூடும். அதற்கான விலையைப் பின்னர் கேட்பார்கள். குண்டர் கும்பலில் சேர்ந்த இளைஞர்களைக் குறைகூறும் சமூகம், அவர்களில் சிலர் எந்த வகுப்பறையில் பயந்துபோய் உட்கார்ந்திருந்தார்கள் என்பதையும் கேட்க வேண்டும். வீட்டில் கேட்க ஆளில்லாத குறை, வெளியே கேட்பவருக்கு வசதியாகிவிடுகிறது.

என்ன செய்யலாம்?

முதலில் முழுவதையும் கேளுங்கள். குறுக்கிடாதீர்கள். "சொன்னது நல்லது, இது உன் தப்பில்லை" என்ற ஒரு வாக்கியம் போதும். பிறகு தேதி, இடம், நடந்தது ஆகியவற்றை எழுதி வையுங்கள். கைப்பேசிச் செய்திகளை அழிக்காமல் பாதுகாத்து வையுங்கள். காயம் இருந்தால் மருத்துவரிடம் காட்டி அறிக்கை பெறுங்கள். காவல் நிலையத்தில் புகார் செய்யத் தயங்காதீர்கள்.

பள்ளிக்குச் செல்லும்போது வகுப்பாசிரியரையும் ஆலோசக ஆசிரியரையும் பாருங்கள். "என்ன செய்யப் போகிறீர்கள், எப்போது தெரிவிப்பீர்கள்?" என்று அமைதியாகக் கேளுங்கள். ஒரு வாரம் கழித்து மீண்டும் செல்லுங்கள். இரு பிள்ளைகளையும் நேருக்கு நேர் நிறுத்தி விசாரிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். பயந்த பிள்ளை அங்கே உண்மை பேச மாட்டான்.

பள்ளிகளுக்கும் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களுக்கும் ஒரு வேலை உண்டு. கழிப்பறை, படிக்கட்டின் அடிப்பகுதி, சிற்றுண்டிச்சாலையின் பின்புறம், பேருந்து நிறுத்தம் ஆகிய இடங்களுக்கு ஓய்வு நேரத்தில் ஆசிரியர் ஒருவர் நடந்து போனாலே பாதிப் பிரச்சினை குறையும். புதிதாக வரும் படிவம் ஒன்று, புகுமுக வகுப்பு மாணவர்களுக்கு ஒரு நல்ல மூத்த மாணவரைத் துணையாக அமர்த்துவதற்குச் செலவே இல்லை.

வேடிக்கை பார்ப்பவர்களும் இதில் பங்காளிகளே. கனடாவில் பள்ளித் திடல்களைப் படம்பிடித்து ஆய்ந்தவர்கள் 2001-இல் ஓர் உண்மையை வெளியிட்டார்கள். சக மாணவர் குறுக்கிட்டபோது, பாதிக்கும் மேற்பட்ட தருணங்களில் பத்து விநாடிகளுக்குள் வதை நின்றுவிட்டது. ஆனால், குறுக்கிட்டவர்கள் குறைவு. "வா, நம்ம போகலாம்" என்று பாதிக்கப்பட்டவனின் கையைப் பிடித்து அழைத்துச் செல்ல ஒவ்வொரு பிள்ளைக்கும் கற்றுக்கொடுக்கலாம். கைகலப்பு தேவையில்லை.

வதைப்பவன் நம் வீட்டுப் பிள்ளையாக இருந்தால்?

பலருக்கும் கசப்பான கேள்வி இது. பள்ளியிலிருந்து அழைப்பு வந்ததும், "என் பிள்ளை அப்படிப்பட்டவன் இல்லை" என்பதுதான் முதல் பதில். அந்தப் பதிலே அவனுக்கு அடுத்த அனுமதியாகிவிடுகிறது. பிரம்பை எடுத்து வெளுத்தாலும் பயனில்லை. பலமுள்ளவன் பலமற்றவனை அடிக்கலாம் என்ற பாடத்தையே அவன் மீண்டும் கற்கிறான். எடுத்த பணத்தைத் திருப்பிக் கொடுக்க வைப்பது, கைப்பேசியைச் சில வாரங்கள் வாங்கி வைப்பது, ஆலோசக ஆசிரியரிடம் அழைத்துச் செல்வது போன்றவை பலன் தரும்.

சட்டமும் இப்போது கடுமையாகியுள்ளது. 2025 ஜூலை 11 முதல் குற்றவியல் சட்டத்தில் 507பி முதல் 507ஜி வரையிலான பிரிவுகள் நடப்புக்கு வந்துள்ளன. மிரட்டுவதும் இழிவுபடுத்துவதும், தீங்கு செய்ய ஒருவரின் சொந்த விவரங்களை வெளியிடுவதும் குற்றங்களே. உதவி வேண்டுவோர் 15999 என்ற தாலியான் காசே எண்ணை அழைக்கலாம்.

ஆனால், சட்டம் வருவது காயம் பட்ட பிறகு. அதற்கு முன்னால் வரக்கூடியவர் அந்தச் சமையலறையில் நிற்கும் அம்மாதான். இன்று மாலை பிள்ளை பசியோடு வந்து சோற்றுச் சட்டியைத் திறந்தால், அடுத்த வேலை கொஞ்சம் காத்திருக்கட்டும். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்காருங்கள். அவன் முதலில் சொல்லும் ஆள் நீங்களாக இருங்கள்.