ஒருமுறை பார்த்தால் என்ன?
(மாணவர் மன்றத்தில் ஆற்றிய பொழிவு)



கஞ்சாவைப் பற்றிப் பேசத் தமிழாசிரியன் எதற்கு என்று சிலர் வியந்திருக்கலாம். சொல்லை ஆராய்வது எம் தொழில். இப்பொருளோ சொற்களுக்குள் ஒளிந்து வருவது. 'சிவமூலி' என்றால் சமயப் போர்வை போர்த்திக்கொள்கிறது. 'மூலிகை' என்றால் மருந்துப் பெட்டிக்குள் புகுந்துகொள்கிறது. 'பொட்டலம்' என்றாலோ சுண்டலைப்போல் எளிதாகிவிடுகிறது. இவை எல்லாவற்றினும் பொல்லாத சொல் 'ஒருமுறை' என்பதே.

"ஒருமுறை பார்த்தால் என்ன?" என்று கேட்பவனை மிரட்டி அடக்கும் முதியோரை நான் ஒப்புவதில்லை. ஒரே இழுப்பில் பித்தனாவாய் என்று மிகைபடக் கூறினால், இழுத்துவிட்டு மறுநாள் நலமாக எழுந்தவன் பின்னர் நம் சொல் எதனையும் நம்பான். ஆகலின் உள்ளதை உள்ளவாறே சொல்வேன்.

புகைத்த சில மணித்துளிகளில் நெஞ்சுத் துடிப்பு விரையும், கண் சிவக்கும், நா வறளும், பசி மிகும், காலம் நீள்வதுபோல் தோன்றும், சற்றுமுன் கேட்டது நினைவில் நில்லாது. பெரும்பாலோர்க்குச் சில மணி நேரத்தில் இது தணியும். தின்றாலோ ஏறுவதற்கே ஒரு மணி, இரண்டு மணி ஆகலாம். ஒன்றும் நிகழவில்லையே என்று மேலும் விழுங்கியவன், எல்லாம் ஒருங்கே ஏறியபின் நடுநடுங்கிப் போகிறான்.

இம்மயக்கத்தைத் தரும் டி.எச்.சி. என்னும் வேதிப்பொருளை இசுரேல் நாட்டு அறிஞர் இரபேல் மெக்கூலம் குழுவினர் 1964இல் பிரித்துக் காட்டினர். நம் மூளையே அதனையொத்த ஒன்றைச் சுரக்கிறது என்று 1992இல் கண்டு, 'ஆனந்தமைடு' எனப் பெயரிட்டனர். (அதற்கும் வடசொல்லே கிடைத்தது, 'இன்பம்' என்னும் சொல்லை அவர்க்கு எடுத்துரைப்பார் இல்லை!) நினைவையும் அச்சத்தையும் பசியையும் அளவோடு நடத்தும் நுண்ணிய அமைப்பு அது. மூளை முற்றி நிறைய ஏறத்தாழ 25 அகவை ஆகும். 16 அகவையில் புகைப்பது, சாந்து காயுமுன் சுவரை அசைப்பது போன்றது.

எல்லார்க்கும் ஒன்றுபோல் நிகழாது என்பதே என் அச்சம். சுவீடனில் 1969, 1970ஆம் ஆண்டுகளில் படைக்கு எடுக்கப்பெற்ற 45,000க்கு மேற்பட்ட இளைஞரைத் தொடர்ந்து ஆராய்ந்து, 1987இல் முடிவை வெளியிட்டனர். 18 அகவைக்குள் 50 முறைக்கு மேல் நுகர்ந்தவர்க்கு மனச்சிதைவு நோய் 6 மடங்கு மிகுதியாக வந்திருந்தது. பிற ஏதுக்களைக் கழித்தால் அம்மடங்கு குறைகிறது, இல்லாமற் போகவில்லை.

என்னிடம் பயின்ற ஒருவன் வெண்பாவை விளையாட்டாய் எழுதுவான். கல்லூரியில் இரண்டாம் ஆண்டோடு படிப்பு நின்றது. "ஐயா, தெருவில் எல்லாரும் என்னைப் பற்றியே பேசுகிறார்கள்" என்றான். தெருவில் ஒருவரும் இல்லை. கஞ்சாவே முழுப் பொறுப்பு என்று மருத்துவர் சொல்லவில்லை. அவன் தாய்மாமனுக்கும் அந்நோய் இருந்ததாம். அவனோடு புகைத்த மற்ற மூவரும் நலமாக உள்ளனர். நால்வருள் எவன் என்று முதல்நாள் யாருக்குத் தெரியும்?

கனடாவில் 2018இல் சட்டமே இசைந்ததே என்பீர்கள். அங்கும் 18 நிரம்பாதவர்க்கு விற்பது குற்றம், உறைமேல் டி.எச்.சி. அளவு அச்சிடப்பெறும். நம் தெருமுனைப் பொட்டலத்தில் என்ன அச்சிட்டிருக்கிறது? நம் நாட்டில் 1985ஆம் ஆண்டுச் சட்டப்படி, நுகர்ந்தாலே ஆறு திங்கள் வரை சிறையோ, 10,000 உருபா வரை தண்டமோ, இரண்டுமோ உண்டு. ஒரு கிலோவுக்குட்பட்டு வைத்திருந்தாலும் ஓராண்டு வரை சிறை. நண்பனுக்காகச் சட்டைப்பையில் வைத்திருந்தேன் என்பது விடையாகாது.

ஆயினும், அடிமைப்பட்டவன் தானே முன்வந்து அரசு ஏற்ற மருத்துவமனையில் மருத்துவம் பெற்றால், வழக்கிலிருந்து விலக்குப் பெற அச்சட்டத்திலேயே இடமுண்டு. இதனைப் பலர் அறியார்.

இன்னொன்று. நுகர்ந்த நண்பன் நெஞ்சு வலிக்கிறது என்றாலோ, இல்லாத குரல் கேட்கிறது என்றாலோ, அஞ்சி ஓடிவிடாதீர்கள். தனியே விடாதீர்கள், வண்டி ஓட்ட விடாதீர்கள். 108ஐ அழையுங்கள். என்ன நுகர்ந்தான் என்பதை மருத்துவரிடம் மறையாது சொல்லுங்கள். வீட்டில் சொல்ல அஞ்சினால் என்னிடம் வாருங்கள். மாலை ஆறு மணி வரை நூலக அறையில்தான் இருப்பேன்.