கையில் தழும்பு, மனசில் நோவு



குடும்ப நலம் என்றால் பிள்ளைப்பேறும் தடுப்பூசியும் மட்டும்தான் என்று நினைக்கிறோம். மனசும் அதில் சேர்ந்ததுதான்.

மனைவியின் கையில் புதுக் காயம். கேட்டால், "அரிவாள்மனை பட்டுடுச்சுங்க" என்கிறாள். போன மாதமும் இதையேதான் சொன்னாள். கண்டும் காணாமல் இருந்துவிடாதீர்கள். ஆண்களுக்கும் இது உண்டு. அவர்கள் குடியின் மேல் பழி போட்டு மறைப்பார்கள்.

ஊரில் இதைத் திமிர் என்பார்கள், நடிப்பு என்பார்கள், காத்துக்கருப்பு என்பார்கள். எதுவும் இல்லை. தாங்க முடியாத துயரத்தைச் சொல்ல வாய் வராதவர்கள் உடம்பை வருத்திக்கொள்கிறார்கள். எல்லோரும் சாக நினைத்துச் செய்வதில்லை. அதற்காக அலட்சியம் வேண்டாம். இப்படிச் செய்துகொண்டவர்களுக்குப் பின்னாளில் உயிராபத்து அதிகம். மனச்சோர்வு நோய், குடி, வீட்டில் அடி உதை, இவை அடியில் இருக்கலாம். பிரசவத்துக்குப் பிறகும் மனச்சோர்வு வரும். மாமியார் ஏசினால் அது தீராது. அடிக்கிற கை நம்முடையதானால் முதலில் அதை நிறுத்த வேண்டும்.

தனியாக உட்கார்ந்து, திட்டாமல் கேளுங்கள்: "சாகணும்னு தோணுதா?" கேட்டால் அந்த நினைப்பு வந்துவிடும் என்று பயப்படாதீர்கள், வராது. "பிள்ளைங்க மேல சத்தியம் பண்ணு" என்று மட்டும் கேட்காதீர்கள், மறைப்பதுதான் கூடும். பயிர் மருந்து வீட்டில் இருந்தால் அன்றைக்கே அப்புறப்படுத்துங்கள்.

பிறகு கிராம சுகாதாரச் செவிலியரிடமோ ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரிடமோ சொல்லுங்கள். மாவட்டத் தலைமை மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பார்க்கலாம். மனம்விட்டுப் பேச வைப்பதும் சிகிச்சைதான். மாத்திரை கொடுத்தால் குணம் தெரியச் சில வாரங்கள் ஆகும். நாலு நாளில் "ஒண்ணும் கேக்கலை"ன்னு நிறுத்திவிடக் கூடாது. மாத்திரையை வீட்டில் இன்னொருவர் வைத்திருந்து தினமும் எடுத்துக் கொடுப்பது நல்லது.

"போலீஸ் கேஸ் ஆயிடுமே" என்று காயத்தை மூடி வைக்கிற குடும்பங்கள் இன்றும் உண்டு. 2017ஆம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டம், தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதச் சொல்கிறது. அவருக்குச் சிகிச்சை தருவது அரசின் கடமை என்கிறது. முயற்சியைக் குற்றமாக்கிய பழைய 309ஆம் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் அமலான புதுச் சட்டத்தில் இல்லை.

அவசரமானால் 108. மனசு தாங்காத நேரத்தில் 14416-க்குப் போன் போடுங்கள்; இரவு பகல் எந்நேரமும் பேசலாம், தமிழிலும் பேசலாம், காசு இல்லை. டாக்டரிடம் இருவருமாகப் போங்கள். உள்ளே சிறிது நேரம் அவரைத் தனியாகப் பேச விடுங்கள்.