மருந்தாளரிடம் வாய் திறந்து கேட்போம்



இரத்தினபுரியிலும் கேகாலையிலும் மழை வந்தால் டெங்கும் எலிக்காய்ச்சலும் சேர்ந்தே வருகின்றன. ஒரு நாள் பேர் போய்விடுமே என்று நாம் கடையில் உடம்பு வலிக் குளிசை வாங்கி விழுங்கிவிட்டு வேலைக்குப் போகிறோம். டெங்கு என்றால் அந்தக் குளிசையே எமனாகலாம். அஸ்பிரின், இபுபுரூபன், டைக்லோபெனாக் இரத்தக் கசிவைக் கூட்டும். பரசிற்றமோல் மட்டுமே, அதுவும் அளவோடு. காய்ச்சல் விடாவிட்டால் ஆஸ்பத்திரிக்குப் போவோம்.

வயலிலும் இரத்தினக்கல் குழியிலும் இறங்குவோருக்கு எலிக்காய்ச்சலைத் தடுக்க டொக்சிசைக்ளின் இலவசமாகக் கொடுக்கிறார்கள். கர்ப்பிணிகளும் சிறு பிள்ளைகளும் அதைக் கேட்காமல் குடிக்கக் கூடாது.

மருந்துக் கடையில் பதிவுபெற்ற மருந்தாளர் இருக்க வேண்டும் என்பது சட்டம். அவரிடம் கேட்போம்: இது எதற்கான மருந்து? எத்தனை வேளை, எத்தனை நாள்? குடித்துவரும் பிரஷர், சீனி மருந்தோடு ஒத்துப்போகுமா?

மருந்து உறையில் தமிழில் எழுதித் தரச் சொல்வோம். 1987 முதல் தமிழும் அரசகரும மொழி. கேட்க வெட்கம் எதற்கு?

தோட்டத்து டிஸ்பென்சரிகளிலும் மருந்தைத் தமிழில் விளக்கித் தர, பயிற்சி பெற்ற ஒருவர் வேண்டும். சம்பளத்தைப் போல இதையும் சங்கமாக நின்று கேட்போம்.