அளந்து சமைப்போம், அனைவரும் வயிறார உண்போம்

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் களப்பணி ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



வழக்கமாக இங்கே சேமிப்பு, உள்கடன், தவணை என்றுதான் பேசுவோம். இன்றைக்கு அடுப்படிக்குப் போவோம். "எங்களுக்கே சமைக்கச் சொல்லித் தரப் போறீங்களா?" என்று நீங்கள் சிரிப்பது தெரிகிறது. சமைக்க இல்லைங்க. சமைப்பதற்கு முன்னால் கொஞ்சம் திட்டம் போடுவது பற்றித்தான். குழுவில் ஒவ்வொரு ரூபாய்க்கும் நோட்டில் கணக்கு எழுதுகிறோம். ஆனால் வீட்டில் அதிகப் பணம் போகிற அடுப்படிக்கு நோட்டே கிடையாது.

ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் 2024-ல் ஓர் அறிக்கை வெளியிட்டது. 2022-ஆம் ஆண்டில் உலகம் முழுவதும் சுமார் 105 கோடி டன் உணவு, தோல், எலும்பு எல்லாம் சேர்த்து, வீணாகியிருக்கிறது. அதில் 100-க்கு 60 பங்கு வீணானது ஓட்டலிலோ கல்யாண மண்டபத்திலோ இல்லை, வீடுகளில்தான்.

"நம்ம வீட்டுல அப்படி என்ன வீணாகுது?" என்று கேட்கலாம். வாடிப்போன கீரைக்கட்டு, அழுகின இரண்டு தக்காளி, ஊசிப்போன குழம்பு, அளவுக்கு மீறிப் புளித்த மாவு. ஒரு நாளைக்கு 10 ரூபாய் என்றே வைத்துக்கொள்வோம். மாதம் 300 ரூபாய், வருடத்துக்கு 3,650 ரூபாய். பிள்ளைகளின் நோட்டுப் புத்தகச் செலவுக்கு அந்த நேரத்தில் எத்தனை பேர் வட்டிக்குக் கை நீட்டுகிறோம்? யோசித்துப் பாருங்கள்.

பணத்தைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. மிச்சமானதை வீணாக்க மனசு வராமல் யார் சாப்பிடுகிறார்கள்? நாம்தான். குழம்பு பத்தாமல் போனால் வெறும் ரசத்தை ஊற்றிச் சாப்பிடுவதும் நாம்தான். ஆக, கூடினாலும் குறைந்தாலும் அடி நம் தட்டில்தான் விழுகிறது. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 100-க்கு 53 பேருக்கு இரத்தசோகை. அதனால் சிக்கனம் என்றால் நம் வயிற்றைக் கட்டுவது என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. தலையை எண்ணி உலை வைக்கும்போது, முதலில் உங்கள் தலையை எண்ணுங்கள்.

சரி, எப்படித் திட்டமிடுவது?

முதலாவது, சந்தைக்குப் போகுமுன் இருப்புப் பார்ப்பது. டப்பாவைத் திறந்து பார்க்காமல் போனால், இருக்கிற கடலைப் பருப்பையே திரும்ப வாங்கி வருவோம், பழசில் வண்டு விழும். இருப்பதை எழுதி, வேண்டியதை மட்டும் சீட்டில் குறியுங்கள். எழுதத் தெரியாதவர்கள் பிள்ளைகளை எழுதச் சொல்லலாம்.

இரண்டாவது, வாடுவதை முதலில் சமைப்பது. சந்தை நாளும் மறுநாளும் கீரை. அடுத்து கத்தரி, வெண்டை, தக்காளி. வாரக் கடைசிக்கு முழுப் பூசணி, சேனை, கருணை போன்றவை. அதற்கும் பிறகு காய் இல்லாத நாளில் பயறு, கொண்டைக்கடலை. கொல்லையில் முருங்கை இருந்தால் கீரைக்கு அலைய வேண்டியதே இல்லை.

மூன்றாவது, ஆளுக்கு ஏற்ற அளவு. அரசுத் தொடக்கப் பள்ளிகளில் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் ஆரம்பித்தது. மதியச் சத்துணவு 1982-லிருந்தே உண்டு. பிள்ளை பள்ளியில் சாப்பிடும் நாளிலும் லீவு நாளிலும் ஒரே படி அரிசியா போடுவது? 2011 முதல் ரேஷனில் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. ஆனால் அதை வேக வைக்கும் கேஸுக்கும் அதற்கு ஊற்றும் குழம்புக்கும் விலை உண்டு. அரிசிப் பானையில் ஒரு டம்ளரைப் போட்டு வைத்து, இன்றைக்கு யார் யார் வீட்டில் சாப்பிடுகிறார்கள் என்று கேட்டபின் அளந்து போடுங்கள்.

நான்காவது, மிஞ்சினதைக் கெடாமல் காப்பது. இரவு மிஞ்சிய சோறு ஆறினதும் தண்ணீர் ஊற்றி மூடினால் காலையில் பழைய சோறு. நாள் முழுக்கச் சும்மா கிடந்த சோற்றைச் சூடு பண்ணிச் சாப்பிட வேண்டாம், அதில் வளரும் கிருமியின் நஞ்சு சுட வைத்தாலும் போகாது. வாந்தி, பேதி வந்தால் மிச்சம் பிடித்த பணம் ஆஸ்பத்திரிக்குப் போய்விடும். தேங்காய் அரைத்த குழம்பு சீக்கிரம் ஊசும், அதை ஒரு வேளைக்கு மட்டும் வையுங்கள். புளித்த மாவில் பணியாரம் ஊற்றலாம். பீர்க்கங்காய்த் தோலில் துவையல் அரைக்கலாம்.

கறவை மாடு வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். "மிஞ்சினா மாட்டுக்குத்தானே" என்று பொங்கலுக்கும் விசேஷத்துக்கும் மீந்த சோற்றை அண்டாவோடு வைத்துவிடுகிறோம். ஒரேயடியாக நிறைய சோறு தின்றால் மாட்டின் வயிற்றில் அமிலம் கூடி, வயிறு உப்பி, உயிருக்கே ஆபத்தாகும். கடனில் வாங்கிய மாடு போய்விட்டாலும் தவணை நிற்காது. கழுநீரோடு கொஞ்சம் கலந்து கொடுப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

வீட்டுக்காரரும் மாமியாரும் இதற்கு ஒத்துழைக்க வேண்டும். "சோறு குறைச்சலா வடிச்சிட்டா" என்று பேச்சு வரும் என்ற பயத்தில்தான் பல பேர் கூடுதலாகப் போடுகிறோம். வீட்டில் எல்லாரையும் உட்கார வைத்துக் கணக்கைச் சொல்லுங்கள். வெளியில் சாப்பிடுகிறவர் முன்கூட்டியே சொல்லட்டும்.

அடுத்த கூட்டத்துக்குள் ஒரு வேலை. ஏழு நாள் மட்டும் வீட்டில் என்ன வீணானது, அதன் விலை என்ன என்று ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். யாரையும் குறை சொல்ல இல்லை. அந்தந்தக் குழுவில் கூட்டிப் பார்ப்போம். அடுத்த வாரம் குறைகிற பணத்தைச் சந்தாவோடு தனிச் சேமிப்பாகப் போடலாமா என்று குழுவே தீர்மானம் எழுதட்டும். எவ்வளவு பணம் மிஞ்சியது என்று கேட்பதோடு, நீங்கள் எத்தனை நாள் எல்லாரோடும் சேர்ந்து உட்கார்ந்து சூடாகச் சாப்பிட்டீர்கள் என்றும் நாங்கள் கேட்போம்.