தோட்டத்துக் கொட்டும் நகரத்துப் பாட்டும்



‘கறுப்பே அழகு, காந்தலே ருசி’ என்பது நம் முன்னோர் சொல்லிவைத்த பழமொழி. ஆனால் பள்ளிப் பிள்ளைகளைத் தங்கள் முகத்தை வரையச் சொன்னால், அவர்கள் கை இளஞ்சிவப்பு வண்ணத்தைத்தான் தேடுகிறது. எட்டு வயதிலேயே தன் நிறத்தைக் கண்டு கூசும் பிள்ளை, நாளை நகரத்தில் எப்படித் தலைநிமிர்ந்து நடக்கும்? இதனை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இதே கேள்வியை நமக்கு முன்னரே எதிர்கொண்டவர்கள் அமெரிக்கக் கறுப்பின மக்கள். அவர்கள் விலைக்கு விற்கப்பட்டு அடிமைகளாகச் சென்றவர்கள். நம் பாட்டன்மார் ஒப்பந்தக் கூலிகளாகவும் கங்காணி வழியாகவும் மலாயாவுக்கு வந்தவர்கள். இரண்டும் ஒன்றல்ல. ஆயினும் அவர்களுக்குப் பருத்தித் தோட்டம், நமக்கு ரப்பர்த் தோட்டம். பின்னர் இரு சாராருக்கும் நகரம்.

1739-ஆம் ஆண்டில் தென் கரோலினாவில் அடிமைகள் கிளர்ந்தெழுந்தார்கள். மறு ஆண்டே அங்கு அவர்கள் முரசு கொட்டுவது சட்டத்தால் தடுக்கப்பட்டது. கொட்டு ஓசை மக்களை ஒன்றுகூட்டும் என்பதை ஆண்டைகள் அறிந்திருந்தார்கள். முரசு போனாலும் தாளம் போகவில்லை. கைதட்டலிலும் வேலைப் பாட்டிலும் அது உயிர் வாழ்ந்தது.

இருபதாம் நூற்றாண்டில் அம்மக்கள் பெருந்திரளாக வடக்கு நகரங்களுக்குக் குடிபெயர்ந்தார்கள். நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் கவிஞர்களும் இசைவாணர்களும் பெருகினார்கள். கறுப்பினக் கலைஞன் வெள்ளையரைப் போலாக விரும்பலாகாது என்று லாங்ஸ்டன் ஹியூஸ் 1926-இல் ஒரு கட்டுரையில் வாதிட்டார். மிசிசிப்பித் தோட்டமொன்றில் உழைத்த மடி வாட்டர்ஸ் 1943-இல் சிக்காகோ சென்றார். நகரத்து இரைச்சலில் அவருடைய மரக் கித்தார் எடுபடவில்லை. மின்சாரக் கித்தாரை ஏந்தினார். கருவி மாறியது, தோட்டத்துப் பாட்டு மாறவில்லை. நாம் கற்கவேண்டிய பாடம் இதுவே.

நம் கதையைப் பார்ப்போம். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டன, பல, வீடமைப்புப் பகுதிகளாயின. லயத்து மக்கள் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் பெயர்ந்தார்கள். தட்டுமுட்டுச் சாமான்களை லாரியில் ஏற்றியவர்களில் பலர், தப்பை மட்டும் ஏற்றவில்லை. சாதியின் பெயரால் இழிவென்று சொல்லப்பட்ட கருவி அல்லவா? அவர்கள் முரசைப் பிறர் பிடுங்கினார்கள். நம் தப்பை நாமே கைவிட்டோம்.

ஆனால் தாளம் இளைஞர்களைத் தேடி வந்தது. ஈப்போ குனோங் சீரோவில் தைப்பூசக் காவடிக்கு முன்னே உறுமி முழங்கக் கேட்கிறோம். மற்றொரு வழியும் உண்டு. 1973-இல் நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் கூல் ஹெர்க் என்ற ஜமைக்கா இளைஞர், இசைத்தட்டில் முரசொலி வரும் பகுதியை மட்டும் நீட்டி நீட்டி ஒலிக்கச் செய்தார். அங்குப் பிறந்த ராப் கலை நம் நாட்டுக்கும் வந்தது. யோகி பி, நட்சத்திரா குழுவினர் 2006-இல் ‘வல்லவன்’ என்ற தமிழ் ராப் இசைத்தொகுப்பை வெளியிட்டார்கள். 1980-இல் வந்த ‘நிழல்கள்’ படத்தின் இளையராஜா பாடலொன்றுக்கு அதில் புது வடிவம் தந்தார்கள். தமிழ் நாட்டிலும் அது பேசப்பட்டது.

“இது நம் பண்பாடா, ஆசிரியரே?” என்று பெற்றோர் எங்களைக் கேட்பதுண்டு. கழுத்துச் சங்கிலியையும் வசைச்சொல்லையும் மட்டும் கடன் வாங்கினால், அது வெறும் வேடம். தன் மொழியில், தன் தெருவின் கதையைச் சொல்லும் துணிவைக் கற்றால், அது கலை. இந்த வேறுபாட்டைப் பிள்ளைகளுக்கு உணர்த்துவது நம் கடமை.

பெற்றோர்களே, உங்கள் வீட்டுப் பாட்டி பால்மரக் காட்டில் பாடிய பாட்டு எது? தாலாட்டு எது? கேட்டு, கைப்பேசியிலாவது பதிவு செய்யுங்கள். பிள்ளை தப்பைத் தொட்டால் தடுக்காதீர்கள். கற்றுக்கொடுக்க ஆள் தேடுங்கள். “வெயிலில் நிற்காதே, கறுத்துப் போவாய்” என்று சொல்லும் வழக்கத்தை இன்றோடு விட்டுவிடுங்கள்.

காம்பாரிலும் 2007 முதல் பல்கலைக்கழக வளாகம் இயங்குகிறது. நகரம் நம் வாசலுக்கே வந்துவிட்டது. அதனை வரவேற்போம், நம் ஓசையோடு வரவேற்போம்.